சும்மா நின்ற ரோலர்

ரோடு வேலை எதுவும் வராமல் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கான்டிராக்டர் கையில் இருந்தது ஒரே ஒரு ஆற்றுப்பாலம்தான். ஷெட்டில் நின்ற பழைய ரோலரின் சக்கரத்தில் பீர்க்கங்கொடி ஏறிப் பூவும் விட்டிருந்தது.

"அண்ணே, திங்கட்கிழமை பழைய இரும்புக்காரர் வர்றாராம்" என்றது டிப்பர் லாரி. "சும்மா நிக்கிறவனுக்கு எத்தனை நாள்தான் இடம் குடுப்பாங்க?"

ரோலர் ஷெட்டின் வாசலைப் பார்த்தது. இன்ஜின் ஓடாத வண்டி எங்கே ஓடி ஒளிய முடியும்?

சனிக்கிழமை காலையில் கிரேன் வந்தது. கட்டி முடித்த பாலத்தின் மேல் பாரம் ஏற்றி, ஒரு முழு நாள் வைத்துப் பார்த்தால்தான் திறப்பார்கள். பாலம் தேறினால்தான் அடுத்த பாலமும் இதே கான்டிராக்டருக்கு. பாரத்துக்காக அடுக்கிய மணல் மூட்டைகளில் இன்னும் பத்து டன் குறைந்தது; ரோலரின் எடையும் பத்து டன்தான்.

"ஓட வேண்டாம், அசையாம நின்னா போதும்" என்றார் இன்ஜினியர். கொடியை அறுத்து, ரோலரைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பாலத்தின் நடுவில் இறக்கினார்கள்.

"நான் தாங்குவேனாண்ணே?" என்று பாலம் பயந்தது.

"தாங்குறதை நீ பாரு தம்பி. நிக்கிறதை நான் பாத்துக்கறேன். ரெண்டு வருஷப் பழக்கம்."

மறுநாள் காலை இன்ஜினியர் குனிந்து அளவெடுத்தார். நிமிர்ந்து, "தேறிடுச்சு!" என்று கத்தினார். வெடி வெடித்தது. கான்டிராக்டர் தனக்குப் போட்ட மாலையைக் கழற்றி ரோலருக்குப் போட்டார்.

"இதுக்குப் பெயின்ட் அடிங்கப்பா. அடுத்த பாலத்துக்கும் இதுதான்."

டிப்பர் மெல்லப் பக்கத்தில் வந்தது. "அண்ணே, ஷெட்டுக்குப் போலாமா?"

"இருடா," என்றது ரோலர், "இன்னும் கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டு வர்றேன்."