முனி ஓடுகிற சந்து

முனி ஓடுகிற சந்தில் ஜெயவேலு கடைக்கால் தோண்டினான்.

அறுபத்தெட்டில், பம்மல் தோல் கம்பெனி ஒன்றுக்குப் பின்னால் இருந்த அந்தக் குடிசைகளுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. முனி மட்டும் வந்திருந்தது. ஆளாளுக்கு வீட்டை ஒரு முழம், அரை முழம் என்று இழுத்துக் கட்டியதில் மற்ற சந்துகளெல்லாம் சுருங்கிப்போயின. எதிரே ஆள் வந்தால் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ள வேண்டும். தொந்தி இருந்தால் அதுவும் நடக்காது. ஜெயவேலு வீட்டு வாசல் பக்கம் இருந்த சந்து மட்டும் பெரிய ரோடு வரைக்கும் மாட்டுவண்டி போகிற அகலத்துக்குக் கிடந்தது.

காரணம், தன் பெண்ணை முனி அடித்துக் கொன்றுவிட்டதாகச் சொல்லும், நாலு குடிசை தள்ளியிருந்த கன்னியம்மா. அது முனியோட்டம், உச்சிவேளையில் முனி அந்த வழியாகத்தான் திருநீர்மலை ஏரிக்குத் தண்ணீர் குடிக்கப் போகிறது, குறுக்கே எதையாவது வைத்தால் வைத்தவன் ரத்தம் கக்குவான் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன வாரமே, அந்தச் சந்தை அடைத்து மாட்டுக் கொட்டகை போட்டிருந்த கேசவன் தானே அதைப் பிரித்து எடுத்துக்கொண்டான். அப்புறம் கோழிகூட அந்தச் சந்தில் மேய்வதில்லை.

ஜெயவேலுக்கு வேறு வழி தெரியவில்லை. வைகாசியில் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. ஆடிக்குத் தாய்வீடு போன மருமகள், தனியாக ஒரு அறை இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மகனும் சைதாப்பேட்டையில் மாமனாரோடு போய் இருந்துகொள்வதாகத் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு ஜெயவேலுக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரே பிள்ளை.

"முனி ஒரு எட்டு தள்ளிப் போவட்டும்" என்றான், தடுக்க வந்த கன்னியம்மாவிடம்.

அவள் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், கடைக்காலில் வைத்த கல்லெல்லாம் வெளியே இருந்தன. வீசி எறிந்த மாதிரி இல்லை. அவன் வாசலைப் பார்த்தபடி, பந்தியில் இலைக்குக் காத்திருப்பதுபோல வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஈர மண்ணில் ஒரு காலடி, முறம் அகலத்துக்கு. ஒற்றைக் கால்தான். அடுத்த காலடி எங்கே என்று தேடினால் தெருக்கோடியில்.

மகன் வேண்டாம் என்றான். ஜெயவேலு பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கல்லை வைத்தான்.

மறுபடியும் கல் வெளியே. இந்தத் தடவை காலடி அவன் வாசற்படியிலேயே இருந்தது, விரல்கள் வீட்டுக்குள்ளே பார்த்தபடி.

வெள்ளிக்கிழமை வந்தது. பாதிப் பேர் வேலைக்கும் மீதிப் பேர் பல்லாவரம் சந்தைக்கும் போய்விட, குடிசைகள் காலியாகக் கிடந்தன. ஜெயவேலு வேலைக்கு மட்டம் போட்டு, உள்ளே படுத்து, ஓலை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டான்.

உச்சி வெயில். காற்று நின்றுபோனது. சந்தின் நடுவே தூங்கிய நாய் எழுந்து, ஏதோ பெரியதற்கு வழிவிடுவதுபோல ஓரமாகப் போய்ப் படுத்தது.

தொப். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தொப்.

இடுக்கில் நிழல் விழுந்தது. அவன் கண்ணுக்கு நேராக, முறம் அகலப் பாதம் ஒன்று மெதுவாக மண்ணில் இறங்கியது.

பாதத்துக்கு மேலே கால் இல்லை. வளையல் போட்ட ஒரு கை இருந்தது.

பாய்ந்து வெளியே போய் அந்தக் கையைப் பிடித்தான். பாதம், எருமைத் தோலில் வெட்டியது.

"நீதானா அக்கா முனி?"

"ஆமா. கைய வுடு, நோவுது."

கன்னியம்மா பிடுங்கிய கல்மேலேயே உட்கார்ந்தாள்.

"உன் பொண்ண முனி அடிச்சிட்ச்சின்னு சொல்லி இத்தினி பேரையும் ஏமாத்திகினு கீறே. சந்தைக்குப் போனவங்க வரட்டும், எல்லாருக்கும் இந்தத் தோலைக் காட்றேன்."

"காட்டு" என்றாள். அப்புறம், பக்கத்து வீட்டுச் சங்கதி பேசுவதுபோலச் சொன்னாள். அன்றைக்கும் சந்தை நாள். பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டு, குழந்தை குறுக்கே நின்றுவிட்டது. ஊரில் ஆள் இல்லை. விருந்துக்கு வந்திருந்த கன்னியம்மாவின் இரண்டு அண்ணன்மார் அவளைக் கட்டிலோடு தூக்கினார்கள். இந்தச் சந்தின் குறுக்கே கேசவன் கொட்டகை நின்றது. பின்சந்தில் போனார்கள். பாதி தூரத்தில் கட்டில் இரண்டு சுவருக்கு நடுவே சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. பிடுங்கி எடுத்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய வேலை முடிந்துபோயிருந்தது.

"வழிய அடைக்காதீங்கன்னு வூடு வூடா கும்பிட்டேன். ஒருத்தன் கேக்கல. முனின்னேன், கேட்டாங்க. நாளைக்கு உம் மருமவளுக்கும் வலி எடுக்கும், ஜெயவேலு."

அவன் பிடி தளர்ந்தது. பின்சந்தில் எத்தனையோ சுவர்கள்.

"எந்த வூட்டுச் சுவத்துல சிக்கிச்சி?"

கன்னியம்மா அவன் வீட்டுக் கூரையைத் தாண்டி, பின்பக்கம் பார்த்தாள். அந்த வருஷம்தான் அவன் பின்சந்தில் அடுப்பங்கரையை இழுத்துக் கட்டியிருந்தான்.

ஜெயவேலு பள்ளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மூணு வருஷமா ஏன் யாராண்டயும் சொல்லல?"

கன்னியம்மா தோலைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சொல்லியிருந்தா, உம் புள்ளைக்கு எவன் பொண்ணு குடுத்திருப்பான்?"