ஆறாவது பலகை

எங்கள் வாசல் புல்லில் நட்டிருந்த பலகையின் இரண்டு கம்பிக் கால்களையும் வெர்னன் பிடித்துவிட்டார்.

"லோரீன், மூணு நோட்டீஸ் குடுத்தாச்சு. இன்னிக்கு நானே பிடுங்கிடறேன். உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்ய வந்தவர் போல.

நான் படியிறங்கிப் போய்ப் பலகையின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் மேலே இழுத்தார். நான் கீழே அழுத்தினேன்.

ஓஹையோவில் எங்கள் குடியிருப்பில் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. கிறிஸ்துமஸ் விளக்குகள் ஜனவரி பதினைந்துக்குள் இறங்கிவிட வேண்டும். ஹாலோவீனுக்கு வாசலில் வைக்கும் பூசணிக்காய் நவம்பர் பத்தைத் தாண்டக் கூடாது. வீட்டு முன் புல்தரையில் நடும் பலகைக்கு, எந்த விழாவுக்காக நட்டார்களோ அது முடிந்து ஏழே நாள். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளச் சங்கத்தில் ஒரு கமிட்டி. தலைவர் வெர்னன் ஹாஸ். கமிட்டியும் அவர் ஒருத்தர்தான்.

எங்கள் பலகையில் பள்ளிக்கூடத்து நீல நிறத்தில் எழுதியிருந்தது: 'இந்த வருடம் பள்ளி முடிக்கும் மார்லா இந்த வீட்டில்தான் இருக்கிறாள்.'

கடைசி வகுப்புப் பிள்ளைகள் எல்லோருடைய வீட்டு வாசலிலும் ஏப்ரல் மாதமே பள்ளிக்காரர்கள் வந்து நட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் தெருவில் ஆறு பலகைகள் நின்றன. ஜூனில் ஐந்து போய்விட்டன. இது ஜூலை கடைசி.

"எதிர்வீட்டு பெவர்லியோட சிமெண்ட் வாத்தைப் போய்க் கேளுங்களேன். ஜூலை நாலு சுதந்திர தினத்துக்கு மாட்டிவிட்ட சட்டையோட இன்னும் நிக்குது," என்றேன்.

"அதுக்கு முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு."

பெவர்லி செடிக்குத் தண்ணீர் விடுவது போல நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு ஸ்கூல் முடிச்சா பெருமைதான், நான் இல்லேங்கலை," என்றார் வெர்னன். "அதுக்காக அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்குமா தம்பட்டம் அடிப்பீங்க?"

என்னிடம் ஒரே ஒரு பதில் இருந்தது. அதைச் சொன்னால் இவர் பேசாமல் போய்விடுவார். அதைச் சொல்வதைவிட இவர் கையைக் கடித்துவைக்கலாம் என்றிருந்தது எனக்கு.

அப்போது கதவு திறந்தது. மார்லா வெறுங்காலோடு வந்தாள்.

"மிஸ்டர் ஹாஸ், விழா முடிஞ்சு ஏழு நாள்னுதானே ரூல்?"

"ஆமாம்மா."

"எனக்கு இன்னும் முடியலையே. நான் கணக்குல ஃபெயில். ஆகஸ்ட் எட்டாம் தேதி மறுபடி பரீட்சை. அதுல பாஸ் பண்ணா எனக்குச் சர்டிஃபிகேட் குடுப்பாங்க. அன்னியிலிருந்து ஏழு நாள் எண்ணிக்குங்க."

குரலைத் தாழ்த்தவே இல்லை அவள். பெவர்லியின் குழாய் அவள் செருப்பையே நனைத்துக்கொண்டிருந்தது.

பள்ளிப் பட்டமளிப்பு விழாவுக்கு மார்லா போகாததற்குக் கடும் காய்ச்சல்தான் காரணம் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தவள் நான். பலகையைப் பிடுங்கினால், இவள் முடிக்க மாட்டாள் என்று பெற்ற நானே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயம். இரண்டு மாதமாக மகளின் மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காப்பாற்றிக்கொண்டது என் மானத்தை.

வெர்னன் கம்பியை விட்டுவிட்டு, பையிலிருந்து சங்கத்தின் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அவர் தேடியது அதில் கிடைக்கவில்லை.

மார்லா கார் ஷெட்டுக்குள் போய் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துவந்தாள். பலகைக்குப் பக்கத்தில், தெருவைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்து, கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்தாள்.

முன் புல்தரையில் நாற்காலி போடக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. போன வருடம் வெர்னன் எழுதியது. அந்தப் பக்கத்தை அவர் விரலால் தேடிப் பிடித்துவிட்டார்.

நான் ஷெட்டுக்குள் போய் இன்னொரு நாற்காலியை எடுத்துவந்தேன்.