அவர் வாசித்த இசைத்தட்டு

"இந்த ஆர்கனை வித்துடலாமா?" என்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள். "துணி மடிச்சு வைக்க உதவுதே, இருக்கட்டும்" என்றார் கணவர். அவர் அந்த ஆர்கன் வாத்தியத்தை வாசிப்பதை அடியோடு நிறுத்திய பிறகுதான் அவள் இந்த வீட்டுக்கே வந்தாள். முப்பது வருடம் கழித்து, அவர் இளமையில் வாசித்த, சோல் ஜாஸ் என்னும் அமெரிக்க இசைவகைத் தட்டு மறுபதிப்பாக வந்து, ஜன்னல் வெயிலில் சுழல்கிறது. ஆர்கன் தொண்டை கரகரக்கச் சிரிப்பதுபோல் அறையெங்கும் பரவுகிறது. "இந்த இடத்துல தப்பா வாசிச்சிருக்கேன். அதையும் புதுசா அச்சடிச்சு ஊருக்கெல்லாம் காட்டுறாங்க பாரு" என்று முகத்தைச் சுளிக்கிறார். வாய்தான் குறை சொல்கிறது. செருப்பிலிருந்து நழுவிய இடது கால், தரையில் இல்லாத ஆர்கன் பெடல்களைத் தேடித் தேடி மிதிக்கிறது. அவள் அதையே பார்க்கிறாள். பிறகு எழுந்து, ஆர்கன் மேலிருக்கும் துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு மூடியைத் திறக்கிறாள். மஞ்சளேறிய கட்டைகளில் வெளிச்சம் விழுகிறது. "அது இனிமே எழுந்திருக்காது, விடும்மா." அவள் சுவிட்சில் விரல் வைக்கிறாள். "ஐயோ, உடனே எடுத்துடாதே, எட்டு எண்ணுற வரைக்கும் அழுத்திப் பிடிக்கணும்" என்கிறார், தன்னை மறந்து. அவள் அழுத்திப் பிடிக்கிறாள். உள்ளே ஏதோ முனகிச் சுழலத் தொடங்குகிறது. விரலை எடுக்காமலே திரும்புகிறாள். "கல்யாணமான நாள்லேர்ந்து கேக்கணும்னு இருந்தேங்க. வித்துடலாமான்னு கேட்டதே, வேண்டாம், வாசிக்கிறேன்னு சொல்வீங்களான்னு பார்க்கத்தான். எனக்கு ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க."