பார்த்துக்கொண்டிருந்தவர்

“ஒரு நிமிஷம் பிள்ளையப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனவள், கொடியில் காய்ந்த துணிகளோடு இறங்கி வந்து அறை வாசலில் உறைந்து நிற்கிறாள். மேசைமேல் இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிகிறது. தரையில் தவழ்ந்து வந்த பேத்தி, தொங்கும் வயரை இரண்டு கைகளாலும் பிடித்து இழுக்கிறாள். ஒவ்வோர் இழுப்புக்கும் பெட்டி கரகரவென்று விளிம்புக்கு நகர்கிறது. கைக்கெட்டும் தூரத்தில், ஜன்னலோர நாற்காலியில் அவள் கணவர். வாதம் இழுத்தது இடது பக்கத்தைத்தான். நன்றாக இருக்கும் வலது கை முழங்கால்மேல் வெயிலில் கிடக்கிறது. வெல்டிங் பட்டறையில் அவருக்குச் ‘சங்கு’ என்று பேர். அவர் ஓர் அதட்டல் போட்டால் அடுத்த தெருக்காரர்கள் மணி பார்ப்பார்கள். இப்போது குழந்தையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார். துணிகளைப் போட்டுவிட்டுப் பாய்ந்த அவள், ஒரு கையால் பெட்டியை உள்ளே தள்ளி, மறு கையால் பேத்தியை வாரிக்கொள்கிறாள். குழந்தை வீறிடுகிறது.

“என்னங்க, பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“பாத்தேன்.”

“ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?”

அவர் யோசிக்கிறார். முகத்தில் கோபமும் இல்லை, பதற்றமும் இல்லை.

“விழப்போகுதுன்னு தெரிஞ்சுது. ஆனா ஒண்ணும் தோணல.”

நோய் வந்த பிறகு மனுஷன் சாதுவாகிவிட்டார் என்று பக்கத்து வீட்டில் சந்தோஷமாகச் சொன்னவள் அவள்தான். அழுது ஓய்ந்த பேத்தி தாத்தாவிடம் போக இரண்டு கைகளையும் நீட்டுகிறாள். பாட்டி பிடியை விடவில்லை.