இருநூற்றுப் பன்னிரண்டாவது படம்

தன் சாவுக்கு அழ வந்தவர்களை வீட்டு முற்றத்தில் உட்காரவைத்துவிட்டு, ஓமுர்பெக் அடுத்த வீட்டுக் கதவை உதைத்தார்.

"எங்க அந்த மருமக? என்னைக் கொன்னவ எங்க?"

கனிஷாய் சமையலறையில் கையில் போனோடு நின்றிருந்தாள். மாமியார் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். மருமகளைக் காப்பாற்றும் எண்ணம் அவளுக்கு இல்லை. படத்தை அழிக்காவிட்டால் போனைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்துவிடுவதாகக் காலையிலிருந்து இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

ஆண்டின் முதல் நாளிலிருந்து தினம் ஒரு படம் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி போனில் போட்டுவந்தாள். காய்ச்சலிலும் கனிஷாய் விட்டதில்லை. கணவன் ரஷ்யாவுக்கு வேலைக்குக் கிளம்பிய நாளிலும் விட்டதில்லை. ஒன்று போனால் அத்தனையும் அறுந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றும். அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

எல்லாம் மலைகள். பனி மூடிய மலை, புல் காய்ந்த மலை, மேகத்தில் பாதி காணாமல் போன மலை. மலை யாரிடமும் சண்டைக்கு வராது.

நேற்று மட்டும் ஒரு முகம்.

வேலிக்கு அந்தப்பக்கம் வைக்கோல் அடுக்கிக்கொண்டிருந்த ஓமுர்பெக்கிடம் கேட்டுத்தான் எடுத்தாள். வெயிலில் முகம் திட்டுத்திட்டாக விழுந்திருந்தது. நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளை ஆக்கினாள். கண்ணுக்குக் கீழிருந்த கருமையை அழித்தாள். புருவங்களுக்கு நடுவே கத்தியால் கீறியதுபோல் இருந்த கோட்டை விரலால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள்.

கணவனுக்கு மூத்த ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. எழுதலாமா என்று யாரைக் கேட்பது? படத்துக்குக் கீழே 212 என்று மட்டும் போட்டாள்.

கறுப்பு வெள்ளை முகம், கீழே ஒரு வார்த்தை இல்லை. கல்லறைக் கற்களில் அப்படித்தான் செதுக்குகிறார்கள். சாவுச் செய்தியையும் இப்போதெல்லாம் போனில் அப்படித்தான் போடுகிறார்கள். விடிவதற்குள் படம் நான்கு கிராமங்களைச் சுற்றிவிட்டது.

"வெளிய வந்து பாரு," என்றார் ஓமுர்பெக். "என் பெரியம்மா மகன் சாவு விருந்துக்குன்னு கார் டிக்கியில ஆட்டக் கட்டிப்போட்டு எடுத்துட்டு வந்திருக்கான். தெருமுனையிலேந்தே 'என் ரத்தமே, என் ரத்தமே'ன்னு ஓலம். வாசல்ல நான்தான் நிக்கிறேன். என் தோள்லயே சாஞ்சு அழுதுட்டு, எப்ப போனாருன்னு என்கிட்டயே கேக்குறான்."

மாமியார் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"மூஞ்சிய என்ன பண்ணி வெச்சிருக்க? செத்தவனுக்குத்தான் நெத்தி இப்படி வழவழன்னு இருக்கும்."

"தப்புதான் மாமா. பாக்க நல்லா இருக்கட்டுமேன்னு..."

"நல்லா இருக்கட்டுமா? மலை திருப்பிக் கேக்கல. அந்தத் தைரியத்துல என் தலையில கை வெச்சிருக்க."

"அத மட்டுமில்ல, எல்லாத்தையும் அழிக்கச் சொல்லுங்க," என்றாள் மாமியார்.

ஓமுர்பெக் அவள் பக்கம் திரும்பினார். "நீ இங்க நின்னு வேடிக்கை பாக்குறியா? அங்க என் சாவுக்கு வந்தவங்களுக்கு டீ ஊத்த ஆள் இல்ல. என் பொண்டாட்டி ஒத்தையா அல்லாடுறா. போ."

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

கனிஷாய் படத்தைத் திறந்தாள். அழிக்கவா என்று போன் கேட்டது. கண் நிறைந்து திரை கலங்கியது. இருநூற்றுப் பன்னிரண்டு நாள். இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டு விரலைக் கொண்டுபோனாள்.

ஓமுர்பெக் அந்த விரலைத் தட்டிவிட்டார்.

"யாரு அழிக்கச் சொன்னா?"

சன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார். குரல் இறங்கியது.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என் தம்பி மலைக்கு அந்தப்பக்கம் தலாஸ்லேந்து கெளம்பிட்டான். அவன் பொண்டாட்டி துக்கம் கேக்கப் போன் பண்ணா. எடுத்துப் பேசினது நான். பயந்து போனக் கீழ போட்டவ, திரும்ப எடுத்து எல்லாத்தையும் சொன்னா; அவன்கிட்ட வாயத் திறக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டேன்." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தார். "படத்தப் பாத்துட்டு, அண்ணன் மூஞ்சியில கோவம் போயிடுச்சுன்னானாம். டீயக்கூடத் தொடாம வண்டி எடுத்துட்டானாம். இப்பக் கணவாய்ல ஏறிட்டிருப்பான். நான் உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சா அங்கேயே திருப்பிடுவான். வந்தவங்க போனையெல்லாம் வாங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டிட்டு வந்திருக்கேன்."

இந்தத் தெருவுக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு வருடம். அவருக்கு ஒரு தம்பி இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"பொய் இல்லையா மாமா? பாவமில்லையா?"

"அந்தப் பாவம் எனக்கு. அல்லாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ கைய வெக்காம இருந்தாப் போதும்."

கனிஷாய் போனைக் கவிழ்த்து, ரொட்டி மூடிய துணிக்கு அடியில் தள்ளினாள்.

கதவில் கை வைத்தவர் அப்படியே நின்றார். முகத்தை அவள் பக்கம் திருப்பவில்லை.

"என் பொணத்தப் பாக்கக்கூட வரக் கூடாதுன்னு ஊர் முன்னால அவன விரட்டினவன் நான். பதினாலு வருஷம்."

மூக்கை உறிஞ்சினார். தொப்பியை மாட்டிக்கொண்டார். பிறகு கதவை அகலத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி, விட்ட இடத்திலிருந்து மறுபடி அவளைத் திட்டத் தொடங்கினார்.

கனிஷாய் வாசல்வரை போய்த் தலைகுனிந்து நின்று, அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.