சும்மா வீக்கம்தான்

புற்றுநோய் இல்லை என்ற செய்தியோடு ஷென் பெரியவரின் அறை வாசலுக்கு வந்தபோது இரவு டியூட்டியின் களைப்பில் எனக்குக் கண் சொருகியது.

மூத்திரப்பையில் புற்றுக்கட்டி என்றுதான் ஸ்கேனைப் பார்த்த எல்லோரும் சொன்னோம். நானும்தான். பையையே எடுத்துவிட வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது.

முதலில் எடுத்த சதைத்துணுக்கில் புற்று எதுவும் தென்படவில்லை. அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. இன்னும் ஆழமாக ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினேன்.

இன்று பதில் வந்தது. புற்றே இல்லை. பையின் சுவரில் ஓடும் சின்ன ரத்தக்குழாய்கள் அழற்சியில் வீங்கிக் கிடக்கின்றன. உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய். அந்த இடத்தில் வருவது அபூர்வம், என் சர்வீசில் நான் பார்த்ததில்லை.

கத்தி வேண்டாம், மாத்திரை போதும். ஆனால் விடாமல் சாப்பிட வேண்டும். விட்டால் சிறுநீரகமும் போய்விடும், ஆளும் போய்விடுவார்.

எங்கள் வழக்கப்படி முதலில் வராந்தாவில் வீட்டாரிடம் சொன்னேன். மகள் லிபிங் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு மாதமாக அப்பாவின் காதில் புற்று என்ற சொல்லே விழாமல் காத்தவள். மருந்துப் பெட்டியின் மேலட்டையைக்கூடக் கிழித்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவாள்.

"நீங்களே சொல்லிடுங்க டாக்டர். நான் போனா அழுதுடுவேன்."

பெரியவர் கால்வாயில் சரக்குப்படகு ஓட்டியவர். கட்டிலில் சம்மணமிட்டுச் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரம்மா. உங்க மூஞ்சியப் பார்த்தா நீங்கதான் பேஷண்ட் மாதிரி இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். எதையும் மறைக்காமல் ஒரு நோயாளியிடம் பேசி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு களைப்பிலும் சந்தோஷமாக இருந்தது.

"உள்ள சும்மா வீக்கம்தான் ஐயா. ஆபரேஷன் வேண்டாம். மாத்திரையிலயே சரியாயிடும். விடாமப் போடணும், அவ்வளவுதான்."

அவர் கொறிப்பதை நிறுத்தினார். நான் நீட்டிய மாத்திரைப் பெட்டியை வாங்கவில்லை. என் கையை மட்டும் மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

"ஆபரேஷனே வேண்டாங்கற அளவுக்கு முத்திடுச்சா."

நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"சங்கடப்படாதீங்க. லிபிங்கும் ஒரு மாசமா சும்மா வீக்கம்னுதான் சொல்றா. அவ அம்மாகிட்ட கடைசி நாள் வரைக்கும் நானும் இதையேதான் சொன்னேன்."