கழுதை வேடம்

சனிக்கிழமை மாலை, ஞாயிறு பள்ளிப் பாடத்துக்காக வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்தோம். செய்தித்தாள் சுருளோடு நான், பைபிளில் தன் கழுதையை அடிக்கும் பிலேயாம் தீர்க்கதரிசி. என் கணவர் கழுதை.

"போன வருஷம் நீ இந்தக் கதையை வாயால மட்டும் சொன்னப்போ பாதிப் பிள்ளைங்க தூங்கிடுச்சு. இந்தத் தடவை என்னை அடி."

"வலிக்குமேங்க."

"முப்பது வருஷப் பழக்கம்தானே."

"நட, கழுதை" என்று ஒன்று வைத்தேன். தவழ்ந்துகொண்டிருந்தவர் நின்றார், அப்படியே படுத்துவிட்டார். கதையிலும் கழுதை படுக்கும் என்பதால் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு அடி போட்டேன். மாரடைப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

அடக்கத்தன்று, என் வகுப்பின் ஆறு வயதுக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"விழுந்தப்புறமும் அடிச்சிட்டேன், பாப்பா" என்றேன்.

"பிலேயாமும் அடிச்சார்ல, டீச்சர். வழியில நின்ன தேவதூதனைக் கழுதைதான் முதல்ல பார்த்துச்சு, அவருக்குத் தெரியலைன்னு நீங்கதானே சொன்னீங்க."

எனக்கு அந்தத் தேவதூதன் இன்றுவரை தெரியவில்லை.